கொல்லிமலைத் தோற்றக்கதையும் ‘முகமதியர் காலமும்’

ஒரு சமூகத்தின் தோற்றக்கதை அச்சேறும்போது அது தனியாக அச்சேறுவதில்லை. சொன்னவரின் நினைவு, கேட்டவரின் ஊகம், எழுதியவரின் காலத்து வழக்கு ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுகின்றன. பின்னால் வரும் வாசகர் எது எவருடையது என்று பிரித்தறிய இயலாமல், முழு வாக்கியத்தையும் அச்சமூகத்தின் வாக்குமூலமாகவே எடுத்துக்கொள்கிறார். கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் தோற்றக்கதைக்கு நேர்ந்தது இதுவே. அக்கதையில் முஸ்லிம்களுக்கு ஓர் இடம் அளிக்கப்பட்டிருப்பதால், அதைப் பொறுமையாக ஆராயும் கடமை நமக்கும் உண்டு.

கதை சுருக்கமானது. காஞ்சிபுரத்தில் வாழ்ந்த வேளாளர் குடியைச் சேர்ந்த சகோதரர் மூவர் ஊரைவிட்டுப் புறப்பட்டுத் தெற்கே வந்தனர். மூத்தவர் சேர்வராயன் மலையிலும், நடுவர் கொல்லிமலையிலும், இளையவர் பச்சைமலையிலும் குடியேறினர். அவர்களின் வழிவந்தோரே இன்றைய மலையாளிகள். இங்கே ‘மலையாளி’ என்பது மலையை ஆள்பவர் என்னும் பொருளுடையது. கேரள மக்களோடு இதற்குத் தொடர்பில்லை. தம்மைக் காராளர் என்று கூறிக்கொள்வதும் கவுண்டர் என்ற பட்டம் தரிப்பதும் இம்மக்களின் வழக்கம்.

இக்கதையின் இன்றைய அச்சு வடிவங்கள் பலவற்றில், சுற்றுலாக் குறிப்புகள் முதல் மாவட்ட வரலாற்றுச் சிறு நூல்கள் வரை, ஒரு காரணமும் சேர்ந்தே வருகிறது: முஸ்லிம் படையெடுப்புக்கு அஞ்சியே இவர்கள் மலையேறினர் என்பது அது. படிப்பவர் அதைப் பதினான்காம் நூற்றாண்டோடு, அதாவது மாலிக் காஃபூரின் படையெடுப்போடும் மதுரை சுல்தான்களின் ஆட்சியோடும் தாமாகவே பொருத்திக்கொள்கிறார். ஐயத்துக்கு இடமே இல்லாத செய்திபோல அது நின்றுவிடுகிறது.

ஹதீஸ் கலை நமக்குக் கற்றுத்தந்த இரு கேள்விகளை இங்கே பயன்படுத்துவோம். செய்தி யார் வழியாக நம்மிடம் வந்தது என்பது இஸ்னாதைப் பற்றிய கேள்வி. செய்தியின் வாசகம் அறிந்த உண்மைகளோடு ஒத்துவருகிறதா என்பது மத்னைப் பற்றிய கேள்வி. ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் பணிக்கிறது. நமக்குச் சாதகமான செய்தி, பாதகமான செய்தி என்ற வேறுபாட்டை அக்கட்டளை வகுக்கவில்லை.

அறிவிப்பாளர் வரிசை

மலையாளிகளைப் பற்றிய பழைய அச்சுப் பதிவுகளில் முதன்மையானவை ஆங்கில அதிகாரிகளுடையவை. எச். லே ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883இல் வெளிவந்தது. தென்னாற்காடு மாவட்ட விவரச்சுவடியை டபிள்யூ. பிரான்சிஸ் 1906இல் வெளியிட்டார். இவற்றையும் இவை போன்ற பிறவற்றையும் ஒருங்கு திரட்டிய எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையோடு ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்ற ஏழு தொகுதிகளை 1909இல் கொண்டுவந்தார். இன்று தமிழில் உலவும் மலையாளித் தோற்றக்கதைகளில் பெரும்பாலானவை நேராகவோ சுற்றியோ தர்ஸ்டனிடமே சென்று சேர்கின்றன.

தர்ஸ்டன் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து குலங்களை வகைப்படுத்திவிடலாம் என்ற அக்கால நம்பிக்கையில் ஊறியவர். உழைப்பாளி, கேட்டதைப் பெரும்பாலும் மறைக்காமல் எழுதியவர். ஆனால் அவர் நேரில் கண்டு விரிவாக எழுதியது சேர்வராயன் மலை மக்களைப் பற்றி. கொல்லிமலைக்கான செய்தி அந்தக் கூற்றின் ஒரு கிளையாகவே வருகிறது. கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் எந்த நாட்டில், எந்தப் பெரியவர், எந்தச் சடங்கின்போது இக்கதையைச் சொன்னார் என்ற விவரம் நம்மிடம் இல்லை. வாழவந்தி நாட்டில் சொல்லப்பட்டதா, வளப்பூர் நாட்டில் சொல்லப்பட்டதா, அரியூர் நாட்டில் சொல்லப்பட்டதா? முதல் அறிவிப்பாளரின் பெயரே விடுபட்ட செய்தி இது. ஹதீஸ் கலையின் அளவுகோலில் இத்தகைய செய்தி எந்தப் படித்தரத்தில் வைக்கப்படும் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இன்னும் முக்கியமானது வேறொன்று. தர்ஸ்டனின் பக்கங்களில் கதை ஒரே வடிவில் இல்லை. இரு வடிவங்கள் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. முதல் வடிவத்தில், தென்னிந்தியாவில் முகமதியர் ஆட்சி மேலோங்கியிருந்த காலத்தில், ஏறத்தாழப் பத்துத் தலைமுறைகளுக்கு முன்பு, இவர்கள் காஞ்சியிலிருந்து வந்தார்கள் என்ற செய்தி உள்ளது. இரண்டாம் வடிவத்திலோ முஸ்லிம்களைப் பற்றிய பேச்சே இல்லை. அங்கே காஞ்சியில் இருக்கப் பிடிக்காமல் புறப்படுபவர் கரிராமன் என்னும் தெய்வம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் ஆகிய மூவரும் அத்தெய்வத்தைப் பின்தொடர்ந்து குடும்பத்தோடு வருகின்றனர். சேலம் பகுதிக்கு வந்தபின் வெவ்வேறு வழியில் பிரிகின்றனர். நடுவண்ணன் பச்சைமலைப் பக்கமும் சின்னண்ணன் மஞ்சவாடிப் பக்கமும் போனதாக இவ்வடிவம் சொல்கிறது. ஆகவே எந்த மலைக்கு எவர் போனார் என்பதில்கூட இரு வடிவங்களும் உடன்படவில்லை.

இவற்றில் மக்களின் குரல் எதில் கூடுதலாகக் கேட்கிறது? தெய்வம் ஊர்விட்டுப் போவதும், அடியார்கள் பின்தொடர்வதும், வழி பிரிவதும் வாய்மொழி மரபின் இயல்பான மொழி. ‘தென்னிந்தியாவில் முகமதியர் ஆட்சி மேலோங்கியிருந்த காலம்’ என்பது பாடப்புத்தக மொழி. தென்னிந்தியா என்ற கருத்தே மலைக்கிராமத்துப் பெரியவரின் நாவில் எழக்கூடியதாக இல்லை. கதை மக்களுடையது, காலக்குறிப்பு எழுதியவருடையது என்று கொள்வதற்கு இது போதிய முகாந்திரம்.

அதுவும் காலக்குறிப்பு மட்டுமே. முதல் வடிவத்தை எத்தனை முறை படித்தாலும், முஸ்லிம்கள் விரட்டியதால் வந்தார்கள் என்ற கூற்று அதில் இல்லை. அவர்கள் ஆட்சி ஓங்கியிருந்தபோது வந்தார்கள் என்றே உள்ளது. ‘போது’ என்பது ‘அதனால்’ ஆனது பின்வந்தோரின் கைவேலை. காலம் காரணமாகவும், காரணம் குற்றச்சாட்டாகவும் படிப்படியாக வளர்ந்தது. எவரும் திட்டமிட்டுப் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஒவ்வொருவரும் முன்னவரைச் சற்றே விரித்து எழுதினாலே போதும்.

வாசகத்தின் பொருத்தம்

இனி மத்னுக்கு வருவோம். பத்துத் தலைமுறை என்பதைக் கணக்காகவே எடுத்துக்கொள்வோம். தலைமுறைக்கு இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டு வைத்து 1909இலிருந்து பின்னோக்கி எண்ணினால் 1609க்கும் 1659க்கும் இடைப்பட்ட காலம் கிடைக்கிறது. மாலிக் காஃபூர் பாண்டிய நாட்டுக்குள் நுழைந்தது 1311இல். மதுரை சுல்தானகம் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷா தன்னாட்சி அறிவித்த 1330களின் நடுப்பகுதியில் தொடங்கி 1378 அளவில் முடிவுற்றது. கதையின் கணக்குக்கும் வாசகர் பொருத்திக்கொள்ளும் காலத்துக்கும் இடையே ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் இடைவெளி உள்ளது.

பதினான்காம் நூற்றாண்டுதான் என்று பிடிவாதமாகக் கொண்டாலும் வேறொரு சிக்கல் எழுகிறது. மதுரை சுல்தான்கள் ஆண்டபோது காஞ்சிபுரம் இருந்த தொண்டை மண்டலத்தில் படைவீட்டைத் தலைநகராகக் கொண்டு சம்புவராயர் ஆண்டுகொண்டிருந்தனர். அந்த ஆட்சியை 1360களில் வீழ்த்தியவர் விஜயநகர இளவரசர் குமார கம்பணர். மதுரையின் மீது அவர் போர் தொடுத்தது அதற்குப் பிறகே. ஆகவே மதுரை சுல்தானின் ஆட்சியிலிருந்து தப்ப வேண்டிய நிலையில் காஞ்சிக் குடிகள் இருக்கவில்லை.

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை எடுத்தால் பொருத்தம் கூடுகிறது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 1640களில் கோல்கொண்டாவின் படைகளும் பீஜப்பூரின் படைகளும் வடதமிழகத்துக்குள் இறங்கின. 1649இல் செஞ்சி பீஜப்பூரின் வசமாயிற்று. ஆனால் அக்காலத்தின் முழுத் தோற்றம் என்ன? விஜயநகரத்தின் இறுதி அரசர்களில் ஒருவரான மூன்றாம் ஸ்ரீரங்கருக்கு எதிராக அவருடைய நாயக்கர்களே எழுந்தனர். மதுரைத் திருமலை நாயக்கர் அவருக்கு எதிராக சுல்தான்களின் துணையை நாடினார். 1646-47இல் சோழமண்டலக் கடற்கரையை ஒரு கொடும் பஞ்சம் தாக்கியது. படையெடுப்பு, உட்பூசல், பஞ்சம், வரி ஆகிய நான்கும் ஒருசேர வந்த காலம் அது. அக்காலத்தில் ஒரு குடி மலையேறியிருந்தால், அந்நான்கில் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்துச் சமயப் பெயர் சூட்டுவது வரலாறாகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பத்துத் தலைமுறை என்பது கணக்காகவே இல்லாமலிருக்கலாம். வாய்மொழி மரபில் ஏழும் பத்தும் ‘நெடுங்காலம்’ என்பதன் பெயர்கள். காஞ்சியும் அப்படித்தான். தொண்டை மண்டலத்தையும் காஞ்சியையும் பூர்விகமாகச் சொல்லிக்கொள்ளும் குடிகள் தமிழகத்தில் பல. ஐரோப்பாவின் இடைக்கால அரச குலங்கள் தம்மை டிராய் நகரத்து வழித்தோன்றல்கள் என்று சொல்லிக்கொண்டதுபோல, புகழ்பெற்ற நகரத்தின் பெயர் ஒரு குடிக்கு மதிப்பை வழங்குகிறது. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆனால் அதை வரைபடத்தில் குறித்த வழித்தடமாகக் கொள்வது தவறு.

கொல்லிமலையும் ஆளற்ற அடைக்கலக் காடாக இருந்ததில்லை. சங்கப் பாடல்கள் அறிந்த மலை அது. வல்வில் ஓரியைக் கொன்று மலையமான் திருமுடிக்காரி அதைச் சேரனுக்குக் கொடுத்த செய்தியைத் தமிழ் படித்தோர் அறிவர். அறப்பள்ளீசுவரர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. இம்மலைக்காக மனிதர்கள் ஒருவரையொருவர் கொன்றது இஸ்லாம் தோன்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

நாம் மறைக்கக் கூடாதது

இவ்வளவு சொன்னபின் எதிர்த்திசையில் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. மலையாளிக் கதையிலிருந்து மதுரை சுல்தானகத்தை விலக்கிவிட்டோம் என்பதால் சுல்தானகத்தின் கொடுமைகள் இல்லாமல் போய்விடா. சமூக வரலாறு எழுதும் நம்மவர்களில் சிலர் அப்பக்கங்களை விரைந்து கடந்துவிடுகின்றனர். அவ்வாறு கடப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. ஏனெனில் அவற்றை எழுதிவைத்தவர் ஒரு முஸ்லிம் காழி.

இப்னு பதூதா 1340களில் மஃபருக்கு, அதாவது தமிழகக் கடற்கரைக்கு, வந்து சேர்ந்தார். அப்போதைய சுல்தான் கியாஸுத்தீன் தாம்கானி அவருக்கு உறவினர். இருவரும் ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள்களை மணந்தவர்கள். விருந்தும் வெகுமதியும் அளித்த உறவினரைப் பற்றி இப்னு பதூதா என்ன எழுதினார்? பிடிபட்ட குடிகளைக் கழுவேற்றியதையும், பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதையும் விவரித்து, இத்தகைய இழிசெயலை வேறெந்த அரசரிடமும் தாம் கண்டதில்லை என்ற பொருள்பட எழுதினார். அதன் காரணமாகவே அல்லாஹ் அவனது முடிவை விரைவுபடுத்தினான் என்றும் கருதினார். போசள மன்னர் மூன்றாம் வீர வல்லாளரின் முதுமையையும் பாராமல் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டதும் அவர் பக்கங்களில் உள்ளது.

அவர் மதுரைக்கு வந்தபோது நகரில் ஒரு கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் கண்டவர் இரண்டாம் மூன்றாம் நாளில் மடிந்தனர். நலமாக இருக்கிறாள் என்று சொல்லி விற்கப்பட்ட அடிமைப் பெண்ணை அவர் வாங்க, அவள் மறுநாளே இறந்தாள். சுல்தானின் தாயும் மனைவியும் மகனும் மாண்டனர். பின்னர் சுல்தானும் இறந்தார். இப்னு பதூதாவும் காய்ச்சலில் வீழ்ந்து, புளி கரைத்த நீரைக் குடித்துத் தேறியதாகச் சொல்கிறார். அந்த மதுரையில் அரசனுக்கும் அடிமைக்கும் சாவு ஒரே விரைவில் வந்தது.

அதே நூல்கள் வேறொரு உண்மையையும் பதிந்துள்ளன. வீர வல்லாளரின் படையில் ஏறத்தாழ இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்ததாக இப்னு பதூதா எழுதுகிறார். 1311 படையெடுப்பைப் பாடிய அமீர் குஸ்ரு, பாண்டியர் பக்கம் நின்ற முஸ்லிம்கள் கலிமாச் சொல்லத் தெரிந்ததால் உயிர் தப்பியதைக் குறிப்பிடுகிறார். அக்காலத்தின் போர்க்களங்கள் இன்று நாம் வரையும் சமயக் கோடுகளின்படி பிரிந்திருக்கவில்லை. கொடுமை செய்தவனும் முஸ்லிம். அதைக் கண்டித்து எழுதியவரும் முஸ்லிம். எதிர்த்துப் போரிட்ட படையிலும் முஸ்லிம்கள் இருந்தனர்.

ஐரோப்பிய அனுபவம் சொல்வது

ஒரு பேரழிவு நேரும்போது மக்கள் காரணத்தைத் தேடுகிறார்கள். பல வேளைகளில் காரணத்தின் இடத்தில் ஒரு மனிதக் கூட்டத்தை வைக்கிறார்கள். இதைப் பதினான்காம் நூற்றாண்டு ஐரோப்பாவைப்போலத் தெளிவாகக் காட்டும் வரலாறு குறைவு. 1315 முதல் 1317 வரை பெரும் பஞ்சம். 1337இல் தொடங்கிய நூற்றாண்டுப் போர். 1347இல் சிசிலித் துறைமுகங்களில் இறங்கி, சில ஆண்டுகளில் கண்டத்து மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதோரைக் கொண்டுபோன கறுப்புச் சாவு. கிராமங்கள் வெறிச்சோடின. உழ ஆளின்றி நிலங்கள் மேய்ச்சற் காடுகளாயின.

அவ்வேளையில் யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்தனர் என்ற வதந்தி எழுந்தது. 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நூற்றுக்கணக்கான யூதர்கள் எரிக்கப்பட்டனர். கொள்ளைநோய் அப்போது அந்நகருக்குள் வந்திருக்கவே இல்லை. நோய் வருவதற்கு முன்பே நோயின் குற்றவாளிக்குத் தண்டனை கொடுத்தாயிற்று. முன்னரே 1348இல் போப்பாண்டவர் ஆறாம் கிளமென்ட் இவ்வதந்தியை மறுத்து ஆணைகள் வெளியிட்டிருந்தார். யூதர்களும் இதே நோயால் மடிகின்றனர். யூதர்களே இல்லாத நாடுகளிலும் நோய் பரவுகிறது. ஆகவே குற்றச்சாட்டு நிற்காது என்பது அவருடைய வாதம். நம் அறிஞர்களின் மொழியில் சொன்னால் அது மத்னை ஆராய்ந்த வாதம். கூட்டம் அதைக் கேட்கவில்லை.

அதே 1348இல், ஹிஜ்ரி 749இல், நம் இப்னு பதூதா டமாஸ்கஸில் இருந்தார். அங்கு நாளொன்றுக்கு இரண்டாயிரத்து நானூறு பேர்வரை இறந்ததாக எழுதுகிறார். மக்கள் மூன்று நாள் நோன்பிருந்தனர். பின்னர் முஸ்லிம்கள் குர்ஆனோடும், யூதர்கள் தவ்ராத்தோடும், கிறிஸ்தவர்கள் இன்ஜீலோடும், பெண்களும் குழந்தைகளும் உடன்வர, வெறுங்காலுடன் நடந்து ஒரே இடத்தில் அழுது இறைஞ்சினர். இதைக் கொண்டு முஸ்லிம் உலகம் எக்காலத்தும் இப்படியே இருந்தது என்று பெருமை பேசுவது நம் நோக்கமன்று. மதுரைச் சுவரில் தொங்கிய உடலை எழுதியதும் இதே கைதான். பேரழிவின்முன் ஒரு நகரம் எடுக்கக்கூடிய வழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதை மட்டும் இது காட்டுகிறது.

நம் விவாதத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று ஜெர்மனியின் ஹாமெலின் நகரத்தில் கிடைக்கிறது. 1284ஆம் ஆண்டில் நூற்று முப்பது பிள்ளைகள் அந்நகரைவிட்டு வெளியேறி மறைந்தனர் என்பது அவ்வூரின் நினைவு. பதினைந்தாம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று குழலூதி ஒருவன் பின்னே அவர்கள் போனதாக மட்டும் சொல்கிறது. எலிகளும், எலி பிடித்ததற்குக் கூலி மறுக்கப்பட்டதால் எழுந்த பழிவாங்கலும் கதைக்குள் நுழைவது பதினாறாம் நூற்றாண்டின் நடுவில்தான். புதிய நிலம் தேடிக் கிழக்கு நோக்கிக் குடிபெயர்ந்த இளைஞர்களின் நினைவே அக்கதை என்று கருதும் அறிஞர்கள் உண்டு. வெளியேற்றம் பழைய நினைவு. வெளியேற்றத்தின் காரணம் பின்னால் வந்த ஒட்டு. இன்று உலகம் அறிந்திருப்பதோ ஒட்டை மட்டுமே. கரிராமனைப் பின்தொடர்ந்த மூன்று அண்ணன்மாரின் கதையில் ‘முகமதியர் காலம்’ சேர்ந்த விதமும் இதை ஒத்ததாகவே நமக்குத் தோன்றுகிறது.

விடுபட்ட காரணங்கள்

உழவர்கள் ஊரைவிட்டுப் போவதற்கு வேறு காரணங்களே இல்லையா? ஐரோப்பாவில் கறுப்புச் சாவுக்குப் பின் ஆள்பற்றாக்குறையால் கூலி உயர்ந்தபோது, இங்கிலாந்தின் ஆட்சியாளர் 1349இல் ஆணையாலும் 1351இல் சட்டத்தாலும் அதை அடக்க முயன்றனர். வரியும் போரும் அழுத்த, 1358இல் பிரான்சின் உழவர்கள் எழுந்தனர். 1381இல் இங்கிலாந்தின் உழவர்கள் இலண்டன்வரை சென்றனர். இவை இன்று பள்ளிப் பாடத்தில் உள்ளன.

1381க்கு நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து நம் மண்ணில் நிகழ்ந்த எழுச்சியோ அறிஞர் வட்டத்தைத் தாண்டி அறியப்படவில்லை. விஜயநகர மன்னர் இரண்டாம் தேவராயர் ஆண்ட 1429இல், விருத்தாசலம், கொறுக்கை, ஆடுதுறை முதலிய ஊர்களின் கோயில் சுவர்களில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளை நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆராய்ந்துள்ளனர். ஒன்றோடொன்று பகை கொண்டவையாகக் கருதப்படும் வலங்கையும் இடங்கையும் ஒன்றுகூடி முடிவெடுத்த செய்தியை அவை தருகின்றன. அரசு அதிகாரிகளும் சீவிதக்காரரும் தம்மைத் துன்புறுத்துவதாகவும், காணியாளரான பிராமணரும் வெள்ளாளரும் அவர்களுக்குத் துணைபோவதாகவும் அம்மக்கள் குற்றம் சாட்டினர். அவர்களுக்குப் புகலிடம் தரக்கூடாது, கணக்கெழுதக் கூடாது என்றும், கட்டுப்பாட்டை மீறித் துரோகம் செய்வோர் கொல்லப்படுவர் என்றும் தீர்மானித்தனர். வரி தாளாமல் குடிகள் ஊர்விட்டு ஓடியதை அக்காலக் கல்வெட்டுகள் வேறு பல இடங்களிலும் குறிப்பிடுகின்றன.

இவற்றில் ஆடுதுறை இன்றைய பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ளது. பச்சைமலை அங்கிருந்து தொலைவிலில்லை. மலையாளிகள் 1429இல்தான் மலையேறினர் என்று நாம் சொல்லவரவில்லை, அதற்குச் சான்றில்லை. ஆனால் சமவெளியின் உழுகுடியை மலை நோக்கித் தள்ளக்கூடிய விசைகள் இன்னவை என்று கல்லில் எழுதியிருக்கிறது. ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே சமயத்தவராக இருந்த காலத்துச் சான்று அது. இதைப் பாராமல், முதல் அறிவிப்பாளர் பெயரற்ற ஒரு காலக்குறிப்பைக் காரணமாக்குவது ஆய்வின் சோம்பல். முகத்திமாவின் தொடக்கத்தில் இப்னு கல்தூன் வரலாற்றாசிரியர்களைக் கண்டித்தது இதற்காகத்தான். 1348-49இன் கொள்ளைநோயில் தாய் தந்தையரைத் துனிஸில் இழந்த அவர், ஓர் உலகம் மாறிப்போனதைக் கண்ணால் கண்டவர். செய்தியை மனித சமூகத்தின் இயல்போடு ஒப்பிடாமல் கைமாற்றக் கூடாது என்ற அவர் விதி, அந்த அனுபவம் கண்டவரின் விதி.

ஒரே அளவுகோல்

தர்ஸ்டனின் நான்காம் தொகுதியில் மலையாளிகள் பற்றிய கட்டுரைக்கு முன்னர் லப்பைகள் பற்றிய கட்டுரை உள்ளது. அதிலும் ஒரு தோற்றக்கதை உண்டு. ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் பின் யூசுஃபின் கொடுமை தாளாமல் கப்பலேறிய அரபுகளில் ஒரு பகுதியினர் கொங்கணக் கரையிலும், மற்றொரு பகுதியினர் குமரிமுனைக்குக் கிழக்கேயும் இறங்கினர். முன்னவர் நவாயத்துகள், பின்னவர் லப்பைகள் என்பது அது. கர்னல் வில்க்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியதை எடுத்தே தர்ஸ்டன் இதைத் தருகிறார்.

இரு கதைகளின் கட்டமைப்பும் ஒன்றே: மேன்மையான பூர்விகம், கொடிய ஆட்சி, வெளியேற்றம், புதிய மண். நம் கதையை நாம் எப்படிப் படிக்கிறோம்? தமிழ் பேசி, தமிழ் மண்ணில் வேரூன்றி, உள்ளூர்க் குடிகளிலிருந்தே பெருகிய ஒரு சமூகம் தன் மதிப்புக்காகப் பேணிய நினைவு என்று படிக்கிறோம். அதை வைத்து நம்மை அந்நியர் என்று எவரேனும் சொன்னால் சினம் கொள்கிறோம். அந்த நிதானத்தை மலையாளிகளின் கதைக்கும் நாம் அளிக்க வேண்டும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள மனத்தாங்கல் நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்ற அல்-மாயிதா அத்தியாயத்தின் 8ஆம் வசனம் கருதுவது இதையும்தான்.

ஏனெனில் திரிந்த கதையால் இழப்பவர்கள் நாம் மட்டுமல்லர். ‘முஸ்லிம்களுக்கு அஞ்சி மலையேறியவர்கள்’ என்ற ஒரே தொடர், சமவெளியில் முஸ்லிமை வந்தேறியாக்குகிறது. மலையில் மலையாளியையும் வந்தேறியாக்குகிறது. காலனிய அதிகாரிகள் இவர்களை உண்மையான மலைக்குடிகளாகக் கருதாமல், அண்மையில் மேலேறிய சமவெளியினராகவே பார்த்தனர். அப்பார்வை எழுத்தோடு நின்றுவிடாமல் வாழ்க்கையையும் தொடக்கூடியது. பட்டியல் பழங்குடியினராக மலையாளிகள் ஏற்கப்பட்டது மாவட்ட அடிப்படையில்தான். சேலம், திருச்சிராப்பள்ளி, தர்மபுரி, ஆற்காடுகள் முதலிய மாவட்டங்கள் அதில் இடம்பெற்றன. பழைய கோயம்புத்தூர் மாவட்ட எல்லைக்குள் அமைந்த பர்கூர் மலைப்பகுதியின் மலையாளிகள் நெடுங்காலம் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தனர். ஒரு மக்கள் எங்கிருந்து வந்தனர் என்ற கதை, அவர்களின் நிலத்துக்கும் பிள்ளைகளின் கல்விக்கும் உரிய சான்றிதழோடு பிணைந்த செய்தியாகிவிடுகிறது.

தென்னாற்காட்டு மலைகளைச் சேர்ந்த மலையாளிகளிடம் பதிவான இன்னொரு வடிவம் இவ்விடத்தில் நினைவுக்கு வர வேண்டும். மலைகளில் முன்பே வேடர்கள் வாழ்ந்தனர். தம் முன்னோர் அந்த ஆண்களைக் கொன்று பெண்களை மணந்தனர். அதன் அடையாளமாகத் திருமணத்தின்போது வானை நோக்கித் துப்பாக்கி சுடப்படுகிறது. அந்த வெடி இறந்த வேடக் கணவனைக் குறிக்கிறது. மாவட்ட விவரச்சுவடியில் எழுதப்பட்டு, தர்ஸ்டனாலும் எடுத்தாளப்பட்ட இச்செய்தியை மேற்கோள் காட்டுவோர் அரிது. தம்மை விரட்டியவர் யார் என்பதைவிடத் தாம் விரட்டியவர் யார் என்பதைத் திருமண மேடையிலேயே நினைவுகூர்ந்த மக்கள் இவர்கள். சொந்தக் குற்றத்தைச் சடங்காகவே பேணிய இந்த நேர்மையைப் புறந்தள்ளி, அயலார் குற்றத்தை மட்டும் பொறுக்கியெடுத்தது சமவெளி வாசகரின் விருப்பம்.

இப்னு பதூதா தம் உறவினரான சுல்தானைப் பற்றி எழுதியதும் அதே நேர்மையிலிருந்து பிறந்ததே. மலையின் வாய்மொழியும் மொராக்கோப் பயணியின் ஏடும் இவ்விடத்தில் சந்திக்கின்றன. இவ்விரண்டையும் ஒருசேரப் படிக்கக்கூடிய இளம் ஆய்வாளர்கள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். கொல்லிமலையின் பதினான்கு நாடுகளிலும் பட்டக்காரர்களிடமும், ஊர்க் கவுண்டர்களிடமும், மூத்த பெண்களிடமும் இக்கதை இன்று எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதை, சொல்பவரின் சம்மதத்தோடு, சொல் மாறாமல், எந்த நாட்டில் எப்போது கேட்டது என்ற குறிப்போடு பதிவு செய்யும் பணி காத்திருக்கிறது. அப்பதிவுகளில் முஸ்லிம்களைப் பற்றிய கசப்பான நினைவு இருக்குமானால் அதையும் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அறிவிப்பாளர் பெயரோடு வரும் கசப்பான செய்தி, பெயரற்று வரும் இனிய செய்தியைவிட மதிப்புடையது என்பதே நம் முன்னோர் வகுத்த நெறி.